ஏட்டுச் சுரைக்காயும் வீட்டுப் பூசணியும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் வாக்கு. நாம் மதரஸாவில் ஓதிய காலத்தில், பாடத்தை மளமளவென ஒப்பித்துவிட்டுப் பொருள் சொல்லத் திணறும் மாணவரை நம் உஸ்தாத் இந்தப் பழமொழியைச் சொல்லியே கண்டிப்பார். பல்லாண்டுகள் கழித்து, ஒரு தாளில் எழுதப்பட்ட பூசணிக்காய் நம் வீட்டு அடுப்படிக்கு வந்து சேர்ந்தபோது அவர் சொல் மீண்டும் நினைவுக்கு வந்தது. இம்மாதம் நாம் திறனாய்வுக்கு எடுத்துக்கொண்டது அந்தத் தாளைத்தான்.

கவிதையையும் காப்பியத்தையும் விட்டுச் சமையற்குறிப்பை ஆராய்வதா என்று வாசக நேயர்கள் புருவம் நெரிக்க வேண்டா. சமையற்குறிப்பும் ஒரு நூல்வகையே. அதற்குச் சொல்வோர் உண்டு, கேட்போர் உண்டு, பிரதி உண்டு, பாடபேதம் உண்டு, பிழையும் உண்டு. ஹிஜ்ரி 623, அதாவது கி.பி. 1226-இல், முஹம்மது இப்னு ஹசன் அல்பக்தாதி என்பார் பக்தாதில் 'கிதாபுத் தபீக்' என்னும் சமையல் நூலை இயற்றினார். உணவு, பானம், உடை, தாம்பத்தியம், நறுமணம், இன்னொலி என இன்பங்களை ஆறாக வகுத்து, அவற்றுள் உணவே தலையாயது என்று அவர் முகப்பிலேயே நிறுவுகிறார். ஆங்கிலேய அறிஞர் ஆர்பெரி அதனை மொழிபெயர்த்து, ஹைதராபாத்திலிருந்து வெளிவந்த 'இஸ்லாமிக் கல்ச்சர்' இதழில் 1939-இல் வெளியிட்டார். அறிஞர் ஏடுகள் இடங்கொடுத்த துறைக்கு நம் ஏட்டில் நான்கு பக்கம் ஒதுக்குவது குற்றமாகாது.

தாள் வந்த கதை

நாம் வாழ்வது ஆர்.கே.பேட்டை. இராமகிருஷ்ணராஜு பேட்டை என்பது அதன் முழுப்பெயர். திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய நெசவாளர் ஊர். திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1-இல் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆனால் தெருவில் இன்றும் தமிழும் தெலுங்கும் ஒருங்கே ஒலிக்கின்றன. நம்மவர் இல்லங்கள் சிலவற்றில் உருதுவும் சேர்ந்துகொள்ளும். காய் விற்க வரும் அம்மையார் 'கும்மடிகாய' என்றால் பூசணி. 'சொரகாய' என்றால் சுரை. இதனை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்க, பின்னர்ப் பயன்படும்.

அமெரிக்காவில் வாழும் நம் தமக்கையாரின் மகள் விடுமுறைக்கு வந்தபோது ஒரு தாளைக் கொண்டுவந்தாள். அவள் குடியிருக்கும் தெருவில் உள்ள மூதாட்டி ஒருவர் தம் கையால் எழுதிக் கொடுத்தது அது. அந்நாட்டில் நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழனன்று நன்றி கூறும் நாள் கொண்டாடுகிறார்கள். 1863-இல் ஜனாதிபதி லிங்கன் அதனை நாடு முழுவதற்கும் உரியதாக அறிவித்தார். அன்று பெரும்பாலான வீடுகளில் செய்யப்படுவது, பூசணியை இனிப்பாக்கி மாவுக்கிண்ணத்தில் இட்டுச் சுட்டெடுக்கும் ஒரு பண்டம். ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் 'பை'. நமக்கோ பை என்றால் கடைவீதிக்கு எடுத்துச் செல்லும் துணிப்பைதான் தோன்றும். ஆதலால் 'பூசணி அடை' என்றே இங்கு வழங்குவோம்.

"மாமா, இது அந்தப் பாட்டி வீட்டிலே நாலு தலைமுறையாச் செய்யற முறை. வெளியிலே யாருக்கும் கொடுக்க மாட்டாங்களாம். எனக்குக் கொடுத்தாங்க" என்றாள் அவள். அவள் முகத்தில் பெருமிதம் இருந்தது. பிற நாட்டில் ஒருவர் தம் குடும்பத்துப் பொருளை நம் பிள்ளைக்குத் தருவது சிறிய செயலன்று.

மறுநாளே செய்தாள். கடையில் வாங்கிய மஞ்சள் பூசணியைத் துண்டாக்கி நீரில் வேகவைத்து மசித்தாள். தாளிலுள்ளபடி இரண்டு முட்டை, பால், முக்கால் கோப்பைச் சர்க்கரை, பட்டை, சுக்கு, கிராம்பு ஆகியவற்றைச் சேர்த்தாள். மேல்நாட்டில் அடையின் மாவுக்குப் பன்றிக்கொழுப்புச் சேர்ப்பது பழைய வழக்கம். அதனை அறிந்தவளாதலால் வெண்ணெயே இட்டாள். நம் வீட்டில் ஓவன் இல்லை. தேக்சாவில் மணல் பரப்பி, உள்ளே தட்டை வைத்து, மூடிமேல் கரித்தணல் இட்டுச் சுட்டாள். ஒருமணி நேரம் கழித்துத் திறந்தபோது உள்ளே கிடந்தது அடையன்று. அடிமாவு நனைந்து கூழாகியிருந்தது. மேலே இனிப்புத் திரிந்து நீர் பிரிந்து நின்றது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

உடலும் தொடரும்

ஹதீஸ் கலையில் ஒரு செய்தியை இரு கூறாகப் பிரித்து ஆராய்வர். சொல்லப்பட்ட செய்தியின் உடல் 'மத்னு'. அதனைச் சொன்னவர், அவருக்குச் சொன்னவர் எனப் பின்னோக்கிச் செல்லும் அறிவிப்பாளர் தொடர் 'இஸ்னாது'. மார்க்கச் செய்திகளுக்கு உரிய அந்தக் கலையின் கண்ணியம் வேறு. அடுப்படிக் குறிப்பின் நிலை வேறு. ஆயினும் அக்கலை நமக்குப் பழக்கிய கேள்விகளை எந்தத் தாளிடமும் கேட்கலாம்.

உடலைப் பார்த்தோம். 'பூசணி விழுது ஒரு டப்பா, சுண்டிய பால் ஒரு டப்பா' என்றிருந்தது. தவறு அங்கேயே புலப்பட்டது. டப்பாவில் வரும் விழுது கெட்டியானது. நம் பூசணியோ நீரில் வெந்து நீரைச் சுமந்து வந்தது. டப்பாப் பால் என்பது ஏறத்தாழ 60 விழுக்காடு நீர் நீக்கப்பட்ட பால். நாம் ஊற்றியது பால்காரர் ஊற்றிய பால். சொல்லுக்குச் சொல் தாளைப் பின்பற்றியும் பொருளில் தவறினோம்.

பிறகு தொடரைப் பார்த்தோம். நான்கு தலைமுறைக்கு முற்பட்ட குடியானவர் வீட்டில் டப்பாவுக்கு ஏது அவ்வளவு ஆட்சி? இதனைக் கேட்டதும் மகள் கைப்பேசியை எடுத்துத் தேடினாள். சற்று நேரத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். தாளில் கண்ட முட்டையின் எண்ணிக்கை, சர்க்கரையின் அளவு, முதலில் 425 டிகிரியில் 15 நிமிடம், பின்னர் 350 டிகிரியில் முக்கால் மணி என்ற சூட்டின் கணக்கு யாவும், அந்நாட்டுக் கடைகளில் விற்கும் பூசணி டப்பாவின் மேலொட்டில் அச்சிட்டவை. 1950 முதல் அச்சாகி வருபவை. அவை ஃபாரன்ஹீட் கணக்கு என்பதையும், நம் கணக்கில் ஏறத்தாழ 220-உம் 175-உம் ஆகும் என்பதையும் அப்போதுதான் கண்டோம்.

மூதாட்டி பொய் சொன்னாரா? நாம் அவ்வாறு தீர்ப்பளிக்க மாட்டோம். அவர் தாயார் டப்பாவைப் பார்த்து எழுதியிருக்கலாம்; மகள் தாயின் கையெழுத்தைப் பார்த்து நம்பியிருக்கலாம். எழுத்து தாயினுடையதாக இருந்ததால் சொல்லும் தாயினுடையதாகிவிட்டது. தொடரை யாரும் விசாரிக்காத இடத்தில் இவ்வாறு நிகழும்.

இதற்கு முன்மாதிரியும் உண்டு. அமெரிக்கரால் எழுதப்பட்டு அந்நாட்டில் அச்சேறிய முதற்சமையல் நூல் என்று கருதப்படுவது, ஹார்ட்ஃபோர்டு நகரில் 1796-இல் வெளிவந்த 'அமெரிக்கன் குக்கரி'. ஆசிரியை அமீலியா சிம்மன்ஸ், நூல்முகப்பில் தம்மை 'அநாதை' என்று குறித்துக்கொள்கிறார். பூசணி அடைக்கு அவர் இரண்டு முறைகள் தருகிறார். ஒன்றில், வேகவைத்து வடித்த பூசணி ஒரு குவார்ட்டு, அதாவது ஏறத்தாழ ஒரு லிட்டர், பாலாடை மூன்று பைன்ட்டு, முட்டை ஒன்பது. மற்றதில் பால் ஒரு குவார்ட்டு, பூசணி ஒரு பைன்ட்டு, முட்டை நான்கு, சர்க்கரைக்குப் பதிலாகக் கரும்புப்பாகின் கசடு. முட்டையை எண்ணிச் சொன்னவர் இனிப்புக்கும் இஞ்சிக்கும் அளவு சொல்லவில்லை. அந்த இடைவெளியைச் செய்பவரின் நாவே நிரப்ப வேண்டும் என்பது எண்ணம் போலும்.

அந்நூலில் பிழைதிருத்தமாக ஒரு முறையீடும் அச்சாயிற்று. அச்சுக்குச் செம்மை செய்யும் அளவுக்குத் தமக்குக் கல்வி இல்லாமையால் வேறொருவரை அமர்த்தியதாகவும், அவர் தம் இசைவின்றிச் சில குறிப்புகளில் இன்றியமையாதவற்றை நீக்கி வேறு பொருளைப் புகுத்திவிட்டதாகவும் சிம்மன்ஸ் அதிற் புலம்புகிறார். எழுதத் தெரிந்தவர் கையில் சமைக்கத் தெரிந்தவரின் சொல் சிதைந்தது. குடும்பம் இல்லாத ஒரு பெண்ணின் குறிப்புகளே எத்தனையோ குடும்பங்களின் பரம்பரைச் சொத்தாயின. அவற்றிலும் பிறர் கை புகுந்திருந்தது.

பெயர் மயக்கம்

இரண்டாம் முறை செய்வதற்கு முன் இன்னொரு தொடரையும் அறுக்க வேண்டியிருந்தது. "பெருமானாருக்குப் பிடிச்ச காயாச்சே மாமா, நோன்பு திறக்கறப்போ இதையே வைக்கலாமே" என்றாள் மகள். இச்செய்தியை மேடைகளிலும் கேட்டிருக்கிறோம். ஆகையால் விளக்குவது நம் கடமை.

தையற்காரர் ஒருவர் அளித்த விருந்தில், உப்புக்கண்டத்தோடு சமைத்த குழம்பிலிருந்து நபிகள் பெருமானார் (ஸல்) அவர்கள் 'துப்பாஃ' என்னும் காயைத் தேடி எடுத்து உண்டதைக் கண்டதாகவும், அன்றுமுதல் தாமும் அதனை விரும்பலானதாகவும் அனஸ் இப்னு மாலிக் (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரியில் உள்ள செய்தி. துப்பாஃ என்பது சுரைக்காய். ஸாஃப்பாத் அத்தியாயத்தில் நபி யூனுஸ் (அலை) அவர்களுக்கு நிழலாக முளைத்ததாகச் சொல்லப்படும் 'யக்தீன்' கொடியையும் விரிவுரையாளர் பலர் சுரை என்றே கொண்டனர்.

மயக்கம் எங்கே நுழைந்தது? உருதுவில் 'கத்து' என்னும் சொல் சுரைக்கும் பூசணிக்கும் பொதுவாக வழங்குகிறது. அரபியின் துப்பாஃ உருதுவில் கத்து ஆயிற்று. உருதுவின் கத்து தமிழில் பூசணி ஆயிற்று. இரண்டு மொழிபெயர்ப்புகளுக்கு நடுவே காய் மாறிவிட்டது. அரபியிலிருந்து நேரே தெலுங்குக்குப் போயிருந்தால் நம் காய்கறி அம்மையாரே திருத்தியிருப்பார்.

மஞ்சள் பூசணி அக்காலத்து அரபு நாட்டில் இருந்திருக்கவும் இயலாது. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1492-இல் கொலம்பஸ் சென்ற பிறகே அது கடல் கடந்தது. போர்த்துக்கீசியர் வருகைக்குப் பின்னரே நம் நாட்டுக்கும் வந்தது. நாம் அதற்கு இட்ட 'பரங்கிக்காய்' என்னும் பெயரே அதற்குச் சாட்சி. பறங்கி என்பது, சிலுவைப் போர்க்காரரை அரபியர் சுட்டிய 'ஃபிரன்ஜ்' என்னும் சொல்லின் வழிவந்தது. ஐரோப்பியர் கொணர்ந்த காயைப் பறங்கியர் காய் என்றே நம் முன்னோர் நேர்மையாக அழைத்தனர்.

இதனால் பூசணிக்கு ஓர் இழுக்கும் இல்லை. இறைவன் படைத்த நல்லுணவு அது. நோன்பு திறக்கவும் பெருநாளுக்கு வைக்கவும் தடை என்ன? இல்லாத சிறப்பை ஏற்றினால்தான் உண்போம் என்பது காய்க்கும் அழகன்று, நமக்கும் அழகன்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைப் பழிக்கும் மொழியில் பிறந்த நாம், முழுச் சுரைக்காயைப் பூசணிக்குள் மறைக்கலாகாது.

ஓரத்துக் குறிப்பு

இவ்வளவு சொன்னபின் மகளின் முகம் வாடிவிட்டது. "அப்போ இந்தத் தாளிலே ஒண்ணுமே இல்லையா மாமா?" என்றாள். மறுமொழி சொல்லத் தாளை மீண்டும் வாங்கிப் பார்த்தோம். ஓலையோ கையெழுத்துப் படியோ ஆராய்வோர், நடுப்பக்கத்தைப் படித்தபின் ஓரத்தையும் பார்ப்பர். அரபி நூல்களில் அந்த ஓரக்குறிப்புக்கு 'ஹாஷியா' என்று பெயர். முதலில் நாம் பார்க்கத் தவறியதை அப்போது பார்த்தோம். தாளின் இடது ஓரத்தில், வேறு மையில், சரிவாக ஒரு வரி இருந்தது. நடுப்பகுதி இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போதே அடுப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும். முழுதும் இறுகும்வரை காத்திருந்தால் கெட்டுவிடும் என்பது அதன் கருத்து.

டப்பாவின் ஒட்டில் அந்த வரி இல்லை.

அடுப்படித் திண்ணையில் அமர்ந்து இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த நம் தமக்கையார் அப்போதுதான் வாய் திறந்தார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. ஓரத்து வரியை நாம் இன்னும் மொழிபெயர்த்துச் சொல்லவும் இல்லை. "நேத்தே சொல்லணும்னு நினைச்சேன் தம்பி. முட்டை போட்ட எதுவா இருந்தாலும் நடுவுலே தளதளன்னு ஆடறப்பவே தணலை எடுத்துடணும். மிச்சத்தை அதும் சூடே பார்த்துக்கும். அம்மா அப்படித்தான் சொல்லுவாங்க."

நாம் வியந்து நின்றோம். ஒரு செய்தி வேறொரு தொடரின் வழியாகவும் வந்து முன்னதை உறுதிப்படுத்தினால் அதனை 'ஷாஹித்' என்பர். சாட்சி என்பது பொருள். கடலுக்கு அப்பால் ஒரு மூதாட்டியும், ஆர்.கே.பேட்டையில் நம் தாயாரும், ஒருவரையொருவர் அறியாமலே ஒரே சொல்லைச் சொல்லியிருக்கிறார்கள். காரணமும் ஒன்றுதான். முட்டையும் பாலும் கலந்த கலவை ஏறத்தாழ 80 டிகிரி சென்டிகிரேடில் உறைகிறது. அதற்கு மேல் சூடேறினால் உறைந்தது சுருங்கித் தன் நீரை வெளியே தள்ளும், மேலே வெடிக்கும். தணலை எடுத்த பின்னும் உள்ளே தங்கிய சூடு வேலையை முடித்துவிடும். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் தேங்காய்ப்பாலும் வெல்லமும் முட்டையும் சேர்த்து ஆவியில் அவிக்கும் வட்டிலப்பத்திற்கும் இதுவே விதி.

ஆகவே நம் தீர்ப்பு இது. தாளின் உடல் டப்பாவினுடையது; ஓரம் மட்டுமே அந்தக் குடும்பத்தினுடையது. எத்தனையோ அடைகள் வெடித்துக் கெட்ட பிறகு ஒருத்தி கண்டறிந்து மகளுக்குச் சொன்ன எச்சரிக்கை அது. குடும்பச் செய்முறை என்று மதிக்கத் தக்கது அந்த ஒரு வரியே. அதற்கு நாலு தலைமுறை வேண்டா. ஒரு தலைமுறையே போதும்.

மீண்டும் அடுப்பில்

இரண்டாம் முறை தமக்கையார் முன்னின்றார்கள். நீரில் வேகவைக்காமல் முக்கால் கிலோ பூசணியைத் துருவி, நெய்யில் வதக்கி, அகப்பையில் ஒட்டாமல் திரளும்வரை சுண்ட வைத்தார்கள். மைசூர், பெங்களூர்ப் பக்கத்தில் வெண்பூசணியைத் துருவிச் செய்யும் 'தம்ரூட்' இனிப்புக்கும் இதுவே முதற்படி. அரை லிட்டருக்குச் சற்று மிகுதியான பால் பாதியாகக் காய்ச்சப்பட்டு ஆறியது. முட்டை மூன்று, சர்க்கரை 150 கிராம், சுக்கு, பட்டை, கிராம்பு, துளி ஜாதிக்காய். 200 கிராம் மைதாவில் 100 கிராம் குளிர்ந்த வெண்ணெயை விரல்நுனியால் உதிர்த்து, குளிர்ந்த நீர் தெளித்து, பிசையாமல் திரட்டித் தட்டில் பரப்பினாள் மகள். வெறும் மாவை மட்டும் முதலில் பாதி சுட்டெடுத்து, அதன்பின் கலவையை ஊற்றினார்கள். கீழே தணல் குறைவு, மூடிமேல் மிகுதி.

நேரத்தைக் கடிகாரம் சொல்லவில்லை. மணம் மாறியபோது தமக்கையார் மூடியைச் சற்றே தூக்கித் தட்டை மெல்ல அசைத்தார்கள். ஓரம் நின்றது, நடு ஆடியது. "எடு" என்றார்கள். ஆறிய பின் வெட்டினால் துண்டு துண்டாக நின்றது. சுவையைப் பற்றி எழுதினால் வீட்டுப் பெருமை பேசுவதாகும். பிள்ளைகள் இம்முறை சிரிக்கவில்லை. கேட்டு வாங்கினார்கள் என்பதோடு நிறுத்துவோம்.

ஏட்டுச் சுரைக்காய் உதவாது என்ற பழமொழியை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஏடே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழில் மீனாட்சி அம்மாள் 1951-இல் 'சமைத்துப் பார்' வெளியிட்டதே, உறவினர் மீண்டும் மீண்டும் கேட்டு எழுதியதன் பயன் என்பர். பத்தாம் நூற்றாண்டில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் தொகுத்த அரபிச் சமையல் நூலில், இன்ன உணவு இன்னாருடையது என்று பெயரிட்டுச் சொல்லும் வழக்கம் காணப்படுகிறது. கலீஃபா ஹாரூன் ரஷீதின் சகோதரர் இப்ராஹீம் இப்னுல் மஹ்தியின் பெயர் அதில் பல இடங்களில் வரும். நம் வீடுகளில் உணவு இருக்கிறது, பெயர் இல்லை.

அறிவைக் காப்பதில் பெண்களுக்கு இடமில்லாத சமுதாயம் அன்று நம்முடையது. மக்காவில் ஸஹீஹுல் புகாரியை அறிவித்த கரீமா அல்மர்வஸிய்யா (ரஹ்) அம்மையாரிடம் கதீபுல் பக்தாதி போன்ற பேரறிஞர்கள் சென்று ஓதினார்கள். தம்மிடம் எடுக்கப்படும் படியை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் அவ்வம்மையார் உறுதியாக நின்றதாகச் சரித்திரம் கூறும். அந்த உறுதியில் ஒரு சிறு பங்கேனும் நம் தாய்மாரின் சொற்களைக் காப்பதில் நமக்கு இருந்ததா?

அன்றிரவு ஒரு புதிய குறிப்பேட்டை எடுத்து, தமக்கையார் சொல்லச் சொல்ல எழுதினோம். ஓரத்து வரியையும் அந்த மூதாட்டியின் பெயரோடு சேர்த்தோம். பிறகு தொடரை எழுதத் தொடங்கினோம். நம் தமக்கையார், நம் தாயாரிடமிருந்து. நம் தாயார்?

"அம்மா யாருகிட்டே கத்துக்கிட்டாங்க அக்கா? நன்னிகிட்டேயா?"

தமக்கையார் நெடுநேரம் யோசித்தார்கள். "நன்னி சீக்கிரமே மவுத்தாயிட்டாங்களே தம்பி. பக்கத்து வீட்டு அம்மாகிட்டேயோ, நகரியிலே இருந்த சின்னம்மாகிட்டேயோ... நான் கேட்டுக்கலையே."

நூற்றுக்கணக்கான அறிவிப்பாளர்களின் பெயர்களை, தந்தை பெயரோடும் ஊர்ப்பெயரோடும் மனனம் செய்தவர் நாம். நமக்குச் சோறூட்டிய கையின் தொடர் இரண்டாவது பெயரோடு அறுந்து நிற்கிறது. அதனை அவ்வாறே, அறுந்த தொடர் என்றே குறித்து வைத்தோம். பொய்யாக ஒரு பெயரை இட்டு நிரப்பவில்லை.

நேயர்களே, உங்கள் இல்லத்தில் முதியவர் ஒருவர் இன்னும் அடுப்படியில் இருப்பாராயின், அளவை மட்டும் கேட்காதீர்கள். எப்போது கெடும், எதைக் கண்டால் எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். யாரிடம் கற்றார்கள் என்று கேளுங்கள். கேட்டதைப் பெயரோடு எழுதி, எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டிச் சரிபாருங்கள். நாம் நம் தாயாரிடம் கேட்காமல் விட்டது இந்த ஒரு கேள்வியைத்தான்.